பயனரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தமிழ் விசைப்பலகையும் கூடவே சின்னதாக ஒரு பிழைதிருத்தியும் செய்து வெளியிட்டு வருகிறோம். கட்டற்ற மென்பொருள். நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில், ஒருவர் யாழ்ப்பாணத்தில். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பயனர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் திரட்டும் வேலை, அதாவது கணிப்பு எடுக்கும் வேலை, என் தலையில் விழுந்ததற்குக் காரணமும் அந்தக் கடைதான். மற்றவர்களுக்குப் பயனர் என்றால் பதிவிறக்க எண்ணிக்கை. எனக்கோ, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து “தம்பி, தமிழ் வர மாட்டேங்குது” என்று நிற்கிற ஆள்.

காசுக்கு விற்கும் மென்பொருளில் யார் வாங்கினார்கள், எங்கிருந்து வாங்கினார்கள் என்பது கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும். நம்மிடம் அது கிடையாது. பதிவு இல்லை, கணக்கு இல்லை, யார் என்ன தட்டுகிறார்கள் என்று ஒளிந்து பார்ப்பதும் இல்லை. விசைப்பலகை விஷயத்தில் பார்க்கவும் கூடாது, கடவுச்சொல்லும் அதில்தானே தட்டப்படுகிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் பல வருடமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் பயன்படுகின்றன என்ற தகவலை அனுப்பலாமா என்று நிறுவும்போதே கேட்பார்கள், சரி என்றவர்களுடையது மட்டும் போகும். நல்ல முறை. ஆனால் எது நிறுவப்பட்டிருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லாது. அதற்கு வாயைத் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் முடிவை எழுதுங்கள், கேள்வி அப்புறம்

கணிப்பு என்றதும் எல்லோரும் கேள்வி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் முப்பது கேள்வி சேர்ந்துவிடும். எனக்கு இது பிடிக்காது. முதலில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளைத் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு இருந்தது மூன்று. பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல வரும் பொதுக் குறியீட்டுக்கு) மாற்றும் கருவியைத் தொடர்ந்து பராமரிப்பதா? அடுத்து உழைப்பைக் கைப்பேசியில் போடுவதா, கணினியிலா? பிழைதிருத்தியில் மலேசியாவில் புழங்கும் ஊர்ப்பெயர், மலாய்ச் சொற்களைச் சேர்ப்பதா?

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: பதில் இப்படி வந்தால் இதைச் செய்வோம், அப்படி வந்தால் அதை விடுவோம். அந்த வரி எழுத வரவில்லையா, கேள்வியை அடித்துவிடுங்கள். வயது, பாலினம், மாநிலம் என்று தொடங்குவது படிவம் நிரப்பிப் பழகிய கையின் வேலை. ஐம்பது வயதுக்காரர் இவ்வளவு பேர் என்று தெரிந்தால் எங்கள் நிரலில் எந்த வரி மாறும்? ஒன்றும் மாறாது. போய்விட்டது. ‘கைப்பேசியா கணினியா’ தங்கியது.

பத்துப் பன்னிரண்டு கேள்வி, ஐந்து நிமிடம். அதற்கு மேல் கேட்பதானால் கையில் தே தாரிக்கை (எங்கள் ஊர் ஆற்றிய பால் தேநீர்) கொடுத்து உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது

இணைப்பை எங்காவது போட்டுவிட்டுக் காத்திருந்தால் பதில் வரும், வராமல் இல்லை. ஆனால் யாரிடமிருந்து? ஏற்கெனவே நம்மோடு பேசிக்கொண்டிருப்பவர்கள், லினக்ஸ் ஆர்வலர்கள், பிழை கண்டால் உடனே எழுதி அனுப்புகிறவர்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் பயனர்களின் ஒரு ஓரம். அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு வார இதழ் ஏறக்குறைய 10 மில்லியன் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பி, 2 மில்லியனுக்கு மேல் பதில் வாங்கியது. அதை வைத்து ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து ஆள் எடுத்தது ஒரு கோளாறு, அதிலும் பதில் போட ஆசைப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டது இன்னொரு கோளாறு. எண்ணிக்கை பெரிதாக இருப்பது இந்தக் கோளாறைச் சரி செய்யாது.

அதனால் பயனர் வகைகளை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் இத்தனை பேர் என்று வைத்துத் தேடிப் போங்கள். எங்கள் ஊரில் தமிழ் தட்டுகிறவர்கள் யார் என்று பார்த்தால், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் செயலாளர்கள், கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடிக்கும் அச்சுக்கடைக்காரர்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு (எழுத்தருக்கு) வேலை எல்லாம் மலாயில், ஆனால் இரவில் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுத ஆசைப்படுவார். அப்புறம் ரொம்ப முக்கியமானவர்கள்: ஒரு முறை நிறுவிப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டவர்கள். ரஸ்ட் நிரல்மொழிக்காரர்கள் 2016 முதல் வருடா வருடம் கணிப்பு எடுக்கிறார்கள். அந்த மொழியைப் பயன்படுத்தாதவர்களையும் விட்டுவிட்டவர்களையும் அதில் சேர்த்துக் கேட்கிறார்கள். சின்னத் திட்டங்கள் அதைத்தான் பார்த்துக் கற்க வேண்டும். மென்பொருளை நீக்கும்போது ‘எதனால் நீக்குகிறீர்கள்’ என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள், பதில் சொல்லாமலும் நீக்க முடிய வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர், மலேசிய அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய் நேரில் பேசித்தான் தொழிலாளர்களைச் சேர்த்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வீட்டில் உட்காரவில்லை. கணிப்புக்கும் அந்த நடை தேவைப்படுகிறது.

காலமும் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஆசிரியர் கிடைக்கமாட்டார், தேர்வு நேரத்தில் கிடைத்தாலும் பேசமாட்டார். தைப்பூசத்துக்கு முன் கோயில் செயலாளர் பக்கம் தலைகாட்டாதீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் யாரிடமும் வேண்டாம்.

கருத்தைக் கேட்காதீர்கள், செய்ததைக் கேளுங்கள்

‘எங்கள் மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா?’ என்று நேரில் கேட்டால் நம் ஆட்கள் எல்லோரும் “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். நம்ம பையன் செய்தது, முகத்துக்கு நேரே குறை சொன்னால் மனசு சங்கடப்படும் என்ற நல்ல எண்ணம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நிரலில் ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. ‘ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா’ வகைக் கேள்விக்கும் இதே கதி, மரியாதைக்காக ஒத்துக்கொள்வார்கள்.

அதையே இப்படிக் கேளுங்கள்: ‘கடைசியாகத் தமிழில் தட்டியபோது எந்த எழுத்து வராமல் நின்றீர்கள்? அப்போது என்ன செய்தீர்கள்?’ கோயில் செயலாளர் ஒருவர் இதற்குச் சொன்ன பதிலை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுத்து: ஸ்ரீ. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் பெயர் எல்லாம் ஸ்ரீயில்தான் தொடங்கும். அவர் எங்கள் விசைப்பலகையைத் தமிழ் 99 என்ற விசை அமைப்பில் வைத்திருக்கிறார், ஷிஃப்டோடு ஒய் விசையை அழுத்தினால் ஸ்ரீ வரும் என்பது அவருக்குத் தெரியாது. பழைய திருவிழா நோட்டீஸைத் திறந்து, அதிலிருந்து ஸ்ரீயை நகல் எடுத்து ஒட்டிக்கொண்டு, மிச்சத்தைத் தட்டி வந்திருக்கிறார். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2005-ல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதிவைக்க முடியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல, கணினிக்கு வேறுவேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது, பிழைதிருத்தி ஒன்றைத் தவறென்று கோடு போடும். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தால் அவர் நான்கு கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

எந்த விசை அமைப்பு என்று தெரிந்துகொள்வது எங்களுக்கு முக்கியம். ‘அஞ்சலா, தமிழ் 99-ஆ, பழைய தட்டச்சுப் பொறி அமைப்பா’ என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. “போனில் வந்தது” என்பார்கள். விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அதனால் கேள்வியை மாற்றினோம்: ‘அம்மா என்று தட்ட எந்தெந்த விசையை வரிசையாக அழுத்துவீர்கள்?’ ஏ, எம், எம், ஏ, ஏ என்றால் அஞ்சல் மாதிரியான ஒலிபெயர்ப்பு. ஏ, கே, கே, கியூ என்றால் தமிழ் 99. படத்தில் இருக்கிற எழுத்தைத் தொட்டுத் தொட்டு என்றால் கைப்பேசி. ஒரே சொல்லில் விஷயம் முடிந்தது. உங்கள் மென்பொருள் வேறாக இருக்கலாம். பயனருக்குப் பெயர் தெரியாத ஒன்றைக் கேட்பதானால், அவர் கை செய்வதைச் சொல்லவையுங்கள், பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியில் இரண்டைக் கட்டாதீர்கள். ‘வேகமும் தோற்றமும் திருப்தியா?’ என்றால் வேகம் பிடித்துத் தோற்றம் பிடிக்காதவர் எங்கே போவார்? விருப்பங்களில் ‘தெரியாது’, ‘எனக்குப் பொருந்தாது’ இரண்டும் இருக்கட்டும். ‘அடுத்து என்ன வசதி வேண்டும்?’ என்று பட்டியல் கொடுத்து எத்தனையும் தொடலாம் என்றால் எல்லாவற்றையும் தொடுவார்கள், இலவசம்தானே. ‘ஒன்றே ஒன்று மட்டும்’ என்று சொல்லுங்கள்.

தயாராகக் கிடைக்கும் அளவுகோல்களில் ஜான் ப்ரூக் 1986-ல் உருவாக்கிய பத்து வாக்கியப் பயன்பாட்டு அளவுகோல் பெயர்பெற்றது, 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். பெரிய திட்டங்களுக்கு நல்லதுதான். ஆனால் அதில் ஒரு வாக்கியம் புகழும், அடுத்தது குறை சொல்லும், மாறி மாறி வரும். ‘இது தேவையில்லாத சிக்கலோடு இருக்கிறது’ என்பதை ‘ஒத்துக்கொள்ளவே இல்லை’ என்று தொட்டால்தான் பாராட்டு. தமிழில் படித்துக்கொண்டு வரும் ஆளுக்கு நடுவில் தலை சுற்றிவிடும். எங்கள் அளவுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அனுப்பும் முன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வித்தாளை எல்லோருக்கும் அனுப்பும் முன், நான்கைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் படித்து, மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். இந்தப் படியை மட்டும் தவிர்க்க வேண்டாம் என்பேன், மற்ற எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கடை அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். ‘எவ்வளவு அடிக்கடி தமிழில் தட்டுகிறீர்கள்: தினமும், வாரம் சில முறை, எப்போதாவது’ என்ற கேள்வி. படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாண மாசத்துல ராத்திரி பகலா அடிப்பேன் லா. மத்த மாசத்துல மூணு நாளைக்கு ஒரு பேனர். இதுல எதைத் தொடறது?”

“நீங்க எதைத் தொடுவீங்கண்ணே?”

“நடுவுல இருக்கிறதைத் தொட்டுட்டுப் போயிடுவேன். நீ கோவிச்சுக்கக் கூடாதுல்ல.”

வருடம் முழுவதற்கும் சராசரி எடுத்துத் தரும்படி ஆளைக் கேட்டால் இப்படித்தான், நடுவில் இருப்பதுதான் கிடைக்கும். கேள்வியை இரண்டாக உடைத்தோம்: ‘கடைசியாகத் தமிழில் தட்டியது எப்போது? இன்று, இந்த வாரம், இந்த மாதம், அதற்கு முன்’ என்று ஒன்று. ‘அப்போது என்ன தட்டினீர்கள்?’ என்று இன்னொன்று. இரண்டாவதன் பதில்களில்தான் பத்திரிகை, வினாத்தாள், நோட்டீஸ், இரங்கல் செய்தி என்று உண்மையான வேலைகள் வரிசையாக வந்தன. பழைய எழுத்துருவின் விவகாரமும் அங்கேதான் தெரிந்தது. அண்ணன் கடையில் இருக்கும் பத்திரிகை மாதிரிகள் பெரும்பாலும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அவர் எங்கும் போக மாட்டார்.

தட்டத் தெரியாதவரிடம் தட்டச் சொல்லாதீர்கள்

எங்கள் கணிப்பில் இருந்த பெரிய முரண்பாடு இது. தமிழ் தட்ட முடியாமல் திணறுகிறவர்தான் எங்களுக்கு முக்கியம். அவரிடம் ‘உங்கள் சிரமத்தை விவரமாக எழுதுங்கள்’ என்று ஒரு கட்டம் கொடுத்தால் அவர் எழுதுவாரா? நன்றாகத் தட்டுகிறவர்கள் மட்டும் பத்தி பத்தியாக எழுதுவார்கள், தட்டுவதில் யாருக்கும் சிரமமே இல்லை என்று நாமும் நம்பிவிடுவோம். எந்த மென்பொருளுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள்: உங்கள் கேள்வித்தாள் வருகிற வழியே சிலரை வெளியே நிறுத்துகிறதா?

தோட்டப்புறத்தில் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை, குரலில் பேசி அனுப்புகிறார்கள். அதையே பதிலாக ஏற்றுக்கொண்டோம். எழுதுகிறவர்களும் ஆங்கில எழுத்தில் தமிழும் மலாயும் கலந்து எழுதினால் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். ‘இந்தப் பொத்தானை தெக்கான் பண்ணா ஒண்ணும் வரல’ (தெக்கான் என்றால் மலாயில் அழுத்துவது) என்ற வரியைவிடத் தெளிவான பிழை அறிக்கை எனக்கு வேண்டியதில்லை.

கைப்பேசித் திரையில் கட்டம் கட்டமாக வரும் கேள்விகள் வேண்டவே வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கட்டத்துக்குள் மூன்றாக உடைந்து தொங்கும், வலது பக்க விருப்பங்கள் திரைக்கு வெளியே போய்விடும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும்.

கருவியைப் பொறுத்தவரை: லைம்சர்வே கட்டற்றது, சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம், முன் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும், பெயரில்லாமல் பதில் வாங்கும். செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் வராத இடங்களுக்குப் போகிறீர்கள் என்றால் கோபோடூல்பாக்ஸ் அல்லது ஓடிகே நல்லது. இணையம் இல்லாமலே நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில் அனுப்பலாம். கூகிள் படிவம் எல்லோருக்கும் பழக்கம். ஆளுக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் உள்நுழையச் சொல்லும், அங்கேயே பலர் திரும்பிவிடுவார்கள். கட்டற்ற மென்பொருளின் கணிப்பைக் கூகிளில் எடுக்கலாமா என்று எங்கள் குழுவில் நடந்த சண்டையை இங்கே எழுதினால் கட்டுரை முடியாது.

சின்ன ஊரில் பெயர் கேட்காவிட்டாலும் ஆள் தெரியும்

பெயர் கேட்கவில்லை, அதனால் ரகசியம் காக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் சுங்கை சிப்புட், வேலை தலைமையாசிரியை, வயது ஐம்பதுக்கு மேல், லினக்ஸ் பயன்படுத்துகிறார். இந்த நான்கும் ஒரே வரியில் இருந்தால் எங்கள் ஊரில் டோபிக்காரர்கூட ஆளைச் சொல்லிவிடுவார். அந்த வரியில் பள்ளி நிர்வாகம் வாங்கிக்கொடுத்த கணினியைப் பற்றி ஒரு குறையும் இருந்தால் அவருக்குத்தான் சங்கடம். ஊர் வேண்டுமா, மாநிலம் போதுமா, அதுவும் வேண்டாமா என்று யோசியுங்கள். வெளியிடும்போது ஐந்து பேருக்குக் குறைவான வகைகளை ‘மற்றவை’யில் சேர்த்துவிடுங்கள். எழுத்துப் பதில்களில் பள்ளி, கோயில், கடைப் பெயர்களை எடுத்துவிடுங்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பரில். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. நம்மைப் போன்ற தன்னார்வக் குழுவை அது கேள்வி கேட்காது என்பதற்காக நாம் தாறுமாறாக நடந்துகொள்ள முடியாது. நாளைக்கும் அதே கடைத்தெருவில்தான் நடக்க வேண்டும்.

எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் முதல் திரையிலேயே நான்கு வரியில் சொல்லிவிடுங்கள்.

எண்ணுவதும் வெளியிடுவதும்

நாற்பது பேர் பதில் சொன்னால் ‘65 விழுக்காட்டினர்’ என்று எழுதாதீர்கள். ‘40 பேரில் 26 பேர்’ என்று எழுதுங்கள். படிக்கிறவர் தானே எடை போட்டுக்கொள்வார். 400 பேரைக் கேட்டால் பிழை ஐந்து விழுக்காட்டுக்குள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் மட்டும்தான். தானாக வந்து பதில் சொன்னவர்களுக்கும், நான் கடை கடையாகப் போய்ப் பிடித்தவர்களுக்கும் அது பொருந்தாது. வகைவாரியாகப் பிரித்துச் சொல்லுங்கள்: ஆசிரியர்கள் இப்படி, அச்சுக்கடைகள் அப்படி. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் அச்சுக்கடைக்காரர்களின் பாமினிப் பிரச்சினை ஆசிரியர்களின் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

எழுத்துப் பதில்களையும் குரல் பதில்களையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புச் சீட்டு வைத்து, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தோழர் ‘நிறுவுவதில் சிக்கல்’ என்று ஒதுக்கியது எனக்கு ‘டேட்டா தீர்ந்துபோனது’ என்று தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். டாப் அப் தீர்ந்து பாதியில் நின்ற பதிவிறக்கத்துக்கு நிறுவும் வழிகாட்டி எழுதி என்ன பயன்? கோப்பின் அளவைக் குறைக்க வேண்டும்.

வெளியிடும்போது முடிவுகளை மட்டும் போடாமல், அடையாளம் நீக்கிய பதில்களையும் போடுங்கள். பைத்தான் நிரல்மொழியின் அறக்கட்டளையும் ஜெட்பிரெய்ன்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் 2017 முதல் எடுத்துவரும் கணிப்பில் மூலத் தரவையே வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். நிரல் திறந்திருக்கும்போது கணிப்பு மட்டும் ஏன் பூட்டியிருக்க வேண்டும்? ஆனால் அந்தக் கோப்பு ஆங்கிலத்தில் எங்கோ கிடந்தால் பதில் சொன்னவர்களுக்குப் போய்ச் சேராது. தமிழில் ஒரே பக்கப் படமாகச் செய்து, கேட்ட அதே வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள்: நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்வது இது, செய்யப்போவதில்லை இது. மூன்றாவதை மறைக்காதீர்கள். எழுத்துரு மாற்றி இருக்கும், கோப்பு சிறிதாகும், மலாய்ச் சொற்பட்டியல் தனிக் கோப்பாக வரும், கைப்பேசிப் பதிப்பு இந்த வருடம் இல்லை என்று போட்டோம். கைப்பேசி விஷயத்தில் சிலருக்குக் கோபம். ஆனால் இரண்டு பேர் அதற்கு உதவுகிறோம் என்று வந்தார்கள், அதில் ஒருவர் ஆசிரியர்.

அடுத்த வருடம் மறுபடி கேட்கும்போது ‘கடைசியாக எப்போது தட்டினீர்கள், என்ன தட்டினீர்கள், எங்கே நின்றீர்கள்’ மூன்றையும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் கேளுங்கள். சொல்லை மாற்றினால் பதில் மாறியது பயனராலா கேள்வியாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மிச்சக் கேள்விகளை அப்போது எடுக்க வேண்டிய முடிவுகளைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். குரல் பதிவுகளை எழுத்தாக்கியதும் அழித்துவிடுங்கள், தொலைபேசி எண்களையும் சேர்த்து.